மூன்று இயர்போனிலும் இடது பக்கம்

கப்பலிலிருந்து
9 ஜூன் 2024

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

உன் தம்பி பிரபு கடலின் நடுவிலிருந்து எழுதுவது. நான் சுகம். நீயும் மாமாவும் சுகமா? பாப்பா தமிழ்நிலாவுக்குச் சளி விட்டதா? மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. அதுவரை குப்பத்தில் உன் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு சீனாப் பக்கம் போகிறோம். இன்ஜின் ரூமில் ஒரே சூடு, ஒரே இரைச்சல். எட்டு வருடமாகப் பழகியதுதான்.

அக்கா, எனக்கு ஒரு மியூசிக் பிளேயர் வாங்க வேண்டும். போன் இல்லை. பாட்டு கேட்பதற்கென்றே வரும் சின்னப் பெட்டி, உள்ளங்கையில் அடங்கும். 'ஹை-ரெஸ் பிளேயர்' என்று கேட்டால் தி.நகர் கடையில் தெரியும். எங்கள் செகண்ட் இன்ஜினியர் ஜவஹர் சார் ஒன்று வைத்திருக்கிறார். போன மாதம் என் காதில் மாட்டிவிட்டார். தபேலாவில் விரலை எடுக்கிற சத்தம்கூடக் கேட்டது அக்கா! என் போனில் பாதிப் பாட்டு காணாமல் போகிறது. இயர்போனில் இடது பக்கம் வேலை செய்வதில்லை. மூன்று இயர்போன் மாற்றிவிட்டேன், மூன்றிலும் இடது பக்கம்தான் போகிறது. போனில்தான் கோளாறு. ஜவஹர் சார் பெட்டியில் இடதும் கொஞ்சம் கேட்டது.

இருபத்து நான்கு பிட் பாட வேண்டும், பெரிய மெமரி கார்டு போட வேண்டும். எண்ணெய்க் கையால் தொடுகிறவன் நான், அதனால் பட்டன் வைத்ததாகப் பார். பணம் உன் கணக்கில் போட்டுவிட்டேன்.

போன் போடாதே, இங்கே சிக்னல் சரியில்லை. போன தடவை போலவே நோட்டில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு.

பாப்பாவுக்கு முத்தம்.
உன் தம்பி,
பிரபு


ஊரூர் குப்பம்
20 ஜூன் 2024

என் தம்பி பிரபுவுக்கு,

அக்கா ஜோதிலட்சுமி ஆசீர்வாதம். அம்மன் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. பாப்பா சளி விட்டு இப்போது மண்ணைத் தின்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நீ அனுப்பிய உன் போட்டோவில் கழுத்து எலும்பு தெரிகிறதே?

நீ சொன்னாய் என்று செவ்வாய்க்கிழமை கூடையை இறக்கிவிட்டு தி.நகர் போனேன். உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் சந்து, மாடிப்படி, ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாது. கடைக்காரர் பேர் பீர் முஹம்மது. "ஹை-ரெஸ் பிளேயர் வேணும்"னு கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்குக்கா?" "என் தம்பிக்கு. கப்பல்ல கீறான்." அதற்கப்புறம் மரியாதையாக ஸ்டூல் போட்டார்.

எட்டு பெட்டியை எடுத்து வரிசையாக வைத்தார். அடேய், எல்லாம் ஒரே மாதிரி கருப்பாக இருக்கிறது! மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன். இதில் எதைத் தூக்கிப் பார்க்கிறது? கையில் வைத்து எடை பார்த்தேன். கனமாக இருந்ததைக் காட்டி "இதுதான் நல்லது"ன்னேன். பீர் முஹம்மது சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது பேட்டரி வெயிட்டுக்கா"ன்னார். சிப்பு என்கிறார், பிட்டு என்கிறார், ஏதோ கிலோ கணக்கில் சொல்கிறார், கேட்டால் அது எடை இல்லையாம். வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். நந்தனத்துக்காரப் பையன் அறிவு, உன் கம்பெனிதானே? அவன் வேறு கப்பலிலிருந்து வாரத்துக்கு ரெண்டு தரம் வீடியோவில் பேசுகிறானாம். உன் கப்பலுக்கு மட்டும் சிக்னல் வராதா? அதென்ன மூணு இயர்போனிலும் இடதே போகிறது? அந்தப் பக்கமாகவே படுத்துத் தூங்குகிறாயா?

நவம்பரில் நீ இறங்கியதும் கார்த்திகையில் பாப்பாவுக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடி தயாராக இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


கப்பலிலிருந்து
14 ஜூலை 2024

அக்காவுக்குத் தம்பி வணக்கம்.

எல்லோரும் நலம்தானே? இங்கே துறைமுகத்துக்கு வெளியே பன்னிரண்டு நாளாக நங்கூரம் போட்டு நிற்கிறோம். எனக்கு ஒரு குறையுமில்லை.

நீ எடை பார்த்த கதையை ஜவஹர் சாரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா, நீ குழம்ப வேண்டாம். மூன்றே விஷயம் பார். சத்தம் இல்லாத இடத்தில் பாட்டை நிறுத்தினால் உள்ளே 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வரக்கூடாது. பட்டனை இருட்டில் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க முடிய வேண்டும். பேட்டரி பத்து மணி நேரமாவது நிற்க வேண்டும். திரை எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

பாப்பா பேசுவதைப் பதிவு செய்து அனுப்பு. நல்ல பெட்டி வந்ததும் அதில்தான் முதலில் கேட்பேன். இப்போது போனில் கேட்டால் அந்த 'ஸ்ஸ்' பாட்டு இல்லாதபோதுகூட வருகிறது. படுத்தாலும் வருகிறது. போனை அணைத்துவிட்டேன், அப்போதும் கப்பலில் எங்கிருந்தோ வருகிறது.

சிக்னல் உண்மையிலேயே சரியில்லை அக்கா.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.
பிரபு


ஊரூர் குப்பம்
22 ஜூலை 2024

பிரபுவுக்கு,

ஆசீர்வாதம். ஆடிக் கூழ் ஊற்றுவதற்கு வசூல் நடக்கிறது, உன் பேரிலும் எழுதிவிட்டேன். மாமாவுக்கு முட்டிவலி. மற்றபடி எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி?

எனக்கு ஒரு வாத்தியார் கிடைத்திருக்கிறார். பேர் வேதாந்தம். அபிராமபுரத்திலிருந்து காரில் வந்து காலையில் நம் கடற்கரையில் நடக்கிறவர். காதில் பெரிய ஹெட்போன், ஒயர் சட்டைப் பைக்குள் போகும். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டே என் கருவாட்டை மிதிக்கப் பார்த்தார். "சாரே!"ன்னு கத்தினேன். கேட்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்தினேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார் பாரு, நீ சொன்ன அதே பெட்டி!

மீனே வாங்காத மனுஷன், அரை மணி நேரம் என் கூடையருகில் நின்று பாடம் எடுத்தார். மறுநாள் அவரே என்னைக் காரில் கூட்டிக்கொண்டு பீர் முஹம்மது கடைக்கு வந்தார். மாமா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "இன்னாடி, காரு கீரு எல்லாம் பலமா கீது?" என்றார். கடையில் வேதாந்தம் சாருக்கும் பீர் முஹம்மதுக்கும் சண்டை. இவர் "இந்த சிப்பு வறட்டுன்னு இருக்கும்யா, குரல்ல ஈரமே இருக்காது" என்கிறார். அவர் "சார், நீங்க போன வருஷத்து மாடலைக் கேட்டுட்டுப் பேசறீங்க" என்கிறார். நடுவில் நான். ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். வீணையோ என்னவோ. பிரபு, கம்பியில் விரல் தேய்வது கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ ஏன் கேட்கிறாய் என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டில் வந்து நிற்கிறோம். ஒன்று ஒல்லி, மேல்பக்கம் மூன்று பட்டன். இன்னொன்று குண்டு, பக்கத்தில் சக்கரம் மாதிரி திருகுகிற வால்யூம். இருட்டில் தடவ சக்கரம்தான் சுகம் என்கிறார் வேதாந்தம் சார். எது வேண்டும் என்று எழுது.

உன் இடது பக்கக் கோளாறையும் சொன்னேன். அதற்கு அவர், "ஏம்மா, இயர்போனை மாத்தி மாட்டிண்டு பார்த்தானோ? இடது பக்கத்தை வலது காதுலயும், வலதை இடது காதுலயும் போட்டுக்கச் சொல்லு. கோளாறு எங்கேன்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சுடும்" என்றார். மாட்டிப் பார்த்து எழுது.

பாப்பா பேசியதை அனுப்பியிருக்கிறேன். ஒன்று, இரண்டு, நாலு என்று எண்ணுவாள். மூன்று அவளுக்குப் பிடிக்காது. கடைசியில் "பிப்பு மாமா வா" என்கிறாள்.

அக்கா


ஊரூர் குப்பம்
25 ஆகஸ்ட் 2024

பிரபு,

சுகமா என்று கேட்டு எழுதுவேன். பதில் வந்தால்தானே தெரியும்?

முப்பத்து நாலு நாள் ஆகிவிட்டது. போட்டோவைப் பார்த்துவிட்டாய் என்று நீலக் கோடு காட்டுகிறது. ஒல்லியா குண்டா, ஒரு வார்த்தை எழுத உனக்கு நேரமில்லையா? பீர் முஹம்மது எனக்காக ஒன்றை எடுத்து உள்ளே வைத்திருக்கிறார், எத்தனை நாள் வைப்பார்? வேதாந்தம் சார் தினமும் "தம்பி மாத்தி மாட்டிண்டு பார்த்தானா?" என்கிறார். அவருக்கு என்ன சொல்ல?

நேற்று இரண்டு தரம் போன் போட்டேன். மணி அடித்தது. நன்றாக அடித்தது.

மாமா இருக்கிறார், பாப்பா இருக்கிறாள், நானும் இருக்கிறேன்.

ஜோதி


கப்பலிலிருந்து
10 செப்டம்பர் 2024

அக்காவுக்கு வணக்கம்.

கோபித்துக்கொள்ளாதே. ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டு வேலை. தூக்கமே இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமாவின் முட்டிக்கு ஒத்தடம் கொடு.

இரண்டும் வேண்டாம் அக்கா. கடையில் இருப்பதிலேயே சத்தம் அதிகம் வருவது எதுவோ அதைக் கேள். 'பவர்' எவ்வளவு என்று கேட்டால் சொல்வார்கள். இரைச்சல், பட்டன் எல்லாம் பரவாயில்லை. சத்தம் வேண்டும்.

பாப்பா பேசியதைக் கேட்டேன். பாதி புரியவில்லை. பக்கத்தில் பேன் ஓடிக்கொண்டிருந்ததா? அவள் என்ன சொன்னாள் என்று எழுதி அனுப்பு.

இன்னொரு விஷயம். கான்ட்ராக்டை ஜனவரி வரை நீட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு மேலும் கேட்டுப் பார்ப்பேன். இறங்கினால் மறுபடி ஏற மெடிக்கல் அது இது என்று இழுத்தடிப்பார்கள். பாப்பா காதுகுத்தை எனக்காக நிறுத்த வேண்டாம். மாமாவின் தம்பி மடியில் உட்காரவைத்து நடத்திவிடுங்கள்.

பிரபு


ஊரூர் குப்பம்
18 செப்டம்பர் 2024

அடேய் பிரபு,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்றெல்லாம் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது என் பெண்ணை நான் எவன் மடியிலோ உட்காரவைத்துக் காது குத்துவேனா? குப்பத்தில் யார் வாயில் விழுந்து எழ? கார்த்திகையில் இல்லாவிட்டால் தையில். தையில் மூன்று வயது முடிந்துவிடும், அதற்கு மேல் தள்ள முடியாது. பேச்சே கிடையாது.

அடுத்தது பிளேயர். ஜூனில் தபேலாவில் விரலை எடுப்பதுகூடக் கேட்க வேண்டும் என்றாய். ஜூலையில் இரைச்சலே கூடாது என்றாய். இப்போது இரைச்சல் வந்தாலும் பரவாயில்லை, காது கிழிய வேண்டும் என்கிறாய். நீ ஒரு ஆளுக்கு வாங்குகிறாயா, மூணு ஆளுக்கு வாங்குகிறாயா? வேதாந்தம் சாரிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஏம்மா, சன்னமா கேக்கறதுக்குன்னே பண்ணின சாமானை வாங்கிண்டு அலற வெக்கணும்ங்கறானே? எனக்கு ஒண்ணுமே புரியலையே" என்றார். மாமாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "உன் தம்பி கப்பல்ல எவளோ ஒருத்திக்கு வாங்கினு கீறான். அவ சொல்றத எல்லாம் உனக்கு எழுதிக்கினு கீறான்." "கப்பல்ல பொம்பள ஏதுய்யா?" "அதான் எனக்கும் புரியல." இப்படி இருக்கிறது எங்கள் குடும்பம்.

எனக்கும் புரியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. மெடிக்கல் என்று எழுதியிருந்தாய். போன தடவை கப்பல் ஏறுவதற்கு முன் நந்தனம் போய் மெடிக்கல் முடித்துக்கொண்டு வந்தபோது, "டாக்டர் காது மூடி மாட்டிக்கிட்டு வேலை செய்யச் சொன்னாருக்கா"ன்னு நீ சொன்னது ஞாபகம் வருகிறது. மாட்டுகிறாய்தானே?

பேன் ஓடவில்லை. கரண்ட் இல்லாத நேரத்தில்தான் பதிவு செய்தேன். அவள் சொன்னது, "பிப்பு மாமா வா."

அறிவு நவம்பர் கடைசியில் உன் கப்பலில் வந்து ஏறுகிறானாம். அவன் கையில் கொடுத்துவிடலாம். அதற்குள் ஒரு முடிவுக்கு வா.

அக்கா


கப்பலிலிருந்து
20 அக்டோபர் 2024

அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நலம். நீங்கள் நலம் என்று நினைக்கிறேன். மழை தொடங்கிவிட்டதா? கூரைக்கு ஷீட் போட்டாயிற்றா?

கடைசியாக ஒன்று கேட்டுப் பார். பாட்டில் இடது பக்கம் தனி, வலது பக்கம் தனி என்று இரண்டாகப் பிரித்து வரும். சில வாத்தியம் இடதில் மட்டும் இருக்கும். அதை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பக்கத்தில் கொடுக்கிற வசதி எந்தப் பிளேயரில் இருக்கிறது என்று கேள். 'மோனோ' என்று பேர். சத்தம் அதிகம் வேண்டும் என்றது வேண்டாம். அதனால் பயனில்லை.

அப்படி ஒன்று இல்லாவிட்டால் விட்டுவிடு. பிளேயரே வேண்டாம். பணத்தைப் பாப்பா கம்மலுக்கு எடுத்துக்கொள்.

வேலை நேரத்தில் மாட்டுவேன் அக்கா. எல்லா நேரமும் முடியாது. அதை மாட்டிக்கொண்டால் இன்ஜினில் எது தப்பாகச் சத்தம் போடுகிறது என்று தெரியாது. எங்கள் வேலையே காதால் செய்கிற வேலை.

தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்துக்கொள்.
பிரபு


ஊரூர் குப்பம்
5 நவம்பர் 2024

பிரபு கண்ணுக்கு,

அக்கா ஆசீர்வாதம். தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. பாப்பா வெடிச் சத்தத்துக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் முந்தானைக்குள்ளேயே இருந்தாள்.

நேற்று கடைக்குப் போனேன். தனியாகத்தான். பீர் முஹம்மது, "இன்னாக்கா, இந்த வாட்டி இன்னா கேக்கறான் தம்பி?" என்றார். நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்: "அக்கா, இந்தப் பொட்டிய வாங்கறவன் ரெண்டு காதுலயும் தனித்தனியா கேக்கத்தான் வாங்கறான். ஒண்ணா சேத்துட்டா அப்புறம் இது எதுக்கு? அந்த வசதி இதுல கெடையாது. உன் போன்லயே கீது. குடு, காட்டறேன்."

என் போனில் எல்லாம் தமிழில்தான் இருக்கும், உனக்குத் தெரியும். செட்டிங்கைத் திறந்து உள்ளே, உள்ளே போய் ஒரு இடத்தைக் காட்டினார். மோனோ ஆடியோ என்று போட்டிருந்தது. அது எந்தத் தலைப்பின் கீழே இருந்தது என்று படித்தேன். யாருக்கான வசதி என்று அங்கே எழுதியிருக்கிறது. நீயும் உன் போனில் படித்திருப்பாய். நான் இங்கே எழுத மாட்டேன்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பீர் முஹம்மது தண்ணீர் கொடுத்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் போனில் வரிசையாக எடுத்துப் படித்தேன். ஜூன் மாதமே எழுதியிருக்கிறாய். மூன்று இயர்போனிலும் இடது பக்கம். தூங்குகிற பக்கத்தைப் பற்றிக் கிண்டல் செய்து எழுதியிருக்கிறேன் பாரு, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாமாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. வேதாந்தம் சார் காலையில் கேட்டார். "மாட்டிப் பாத்தான் சார்"னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு ஹெட்போனை மாட்டிக்கொள்ளவில்லை.

பிளேயர் வாங்கிவிட்டேன். பதில் எழுத முடிந்தால் எழுது.

அக்கா


ஊரூர் குப்பம்
24 நவம்பர் 2024
(அறிவு கையில் கொடுத்தது)

பிரபுவுக்கு,

இது போட்டோ இல்லை, நான் எழுதிய தாளே உன் கைக்கு வருகிறது. அறிவு வந்து பொட்டலத்துக்காகக் காத்திருக்கிறான், டீ கொடுத்து உட்காரவைத்திருக்கிறேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. மழையில் கடல் தண்ணீர் ரோடு வரைக்கும் வந்துவிட்டது. மாமா படகை மேலே ஏற்றிவிட்டார். நாங்கள் பத்திரம்.

பொட்டலத்தைப் பிரித்துவிட்டுத் திட்டாதே. அதில் பிளேயர் இல்லை. தலையில் மாட்டுகிற காது மூடி இருக்கிறது. கம்பெனி கொடுக்கிற பஞ்சு மாதிரி இல்லை, தடியானது. இதைத் தேர்ந்தெடுக்க நான் யாரையும் கேட்கவில்லை. கடையில் தலையில் மாட்டிக்கொண்டு, உஸ்மான் ரோட்டில் இறங்கி பஸ் ஹாரனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐந்து மாட்டிப் பார்த்து ஆறாவதை வாங்கினேன். ரோட்டில் போகிறவர்கள் எனக்குப் பைத்தியம் என்று நினைத்தார்கள். இன்ஜின் தப்பாகச் சத்தம் போட்டால் போடட்டும். இருக்கிற ஒன்றை அதற்குக் கொடுக்காதே.

குண்டுப் பிளேயர், சக்கரம் வைத்தது, பீரோவில் பாப்பா கம்மலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்துதான் கேட்க வேண்டும். மோனோ அதில் வராது. ஆனால் வேதாந்தம் சார் பாட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் முன்னாடியே ஒன்றாகச் சேர்த்து, அப்புறம் கார்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்காமல் செய்தார். பாப்பா எண்ணுவதும் அதில் இருக்கிறது. இப்போது மூன்றையும் சொல்கிறாள்.

மெடிக்கலில் என்ன சொல்வார்கள் என்று உனக்குப் பயம். வேலை போய்விடும் என்று பயம். போனால் போகட்டும்டா. எட்டு வருஷம் சம்பாதித்தாய், நாங்கள் சாப்பிட்டோம். வந்ததும் முதலில் காது டாக்டரிடம் போகிறோம், கம்பெனி டாக்டரிடம் இல்லை. நான் கூட வருகிறேன். டாக்டர் சொல்வது உனக்குப் பாதி கேட்காவிட்டால் மீதியை நான் கேட்டுக்கொள்கிறேன்.

காதுகுத்து தை இருபது, ஞாயிற்றுக்கிழமை. ஆசாரிக்குப் பாக்கு வைத்தாயிற்று. பாப்பாவை உன் மடியில் வலது பக்கமாக உட்காரவைக்கிறேன். அவள் அழும்போது காதோரமாக வாயை வைத்துத்தான் அழுவாள், உனக்கு நன்றாகக் கேட்கும்.

அக்கா ஜோதி


கப்பலிலிருந்து
16 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. சுகம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதினேன். இந்தத் தடவை எழுதவில்லை.

அறிவு பொட்டலம் கொடுத்தான். தாளைப் படித்துவிட்டு நீராவிக் குழாய்க்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே சத்தம் அதிகம், யாருக்கும் தெரியாது. காது மூடி நன்றாக இருக்கிறது. தினமும் மாட்டுகிறேன். முதல் நாள் ஜவஹர் சார் பார்த்தார். "வீட்டிலேர்ந்து வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்றே மாற்றி மாட்டிப் பார்த்தேன் அக்கா. வேதாந்தம் சார் சொன்ன மாதிரி அரை நிமிடம்தான் ஆனது. அதை எழுதத்தான் முடியவில்லை. மிஷின் நல்லதாக இருந்தால் கேட்கும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் சத்தம் அதிகமாக இருந்தால் கேட்கும் என்று நினைத்தேன். நீ தி.நகருக்கும் குப்பத்துக்குமாக அலைந்தாய். என்னை மன்னித்துவிடு.

கான்ட்ராக்டை மேலே நீட்டச் சொல்லிக் கேட்கவில்லை. ஜனவரி பத்தொன்பது சிங்கப்பூரில் இறங்குகிறேன். இருபதாம் தேதி சாயங்காலம் சென்னை. மாமாவிடம் நீயே சொல்லிவிடு, என்னால் முடியாது. பீர் முஹம்மது பாயையும் வேதாந்தம் சாரையும் காதுகுத்துக்குக் கூப்பிடு. சார் மீன் சாப்பிட மாட்டார், அவருக்குத் தனியாகச் சமைத்து வை.

ஏர்போர்ட்டில் கூட்டமாக இருக்கும். பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டு, தம்பி திரும்பிப் பார்க்கவில்லை என்று அழாதே. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என் வலது பக்கமாக வந்து நில்.

பிரபு